நாலரைச் சங்கும் ராமலட்சுமியின் விசிலும்

சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற குயிலாப்பாறை எஸ்டேட்டில் கடவுளுக்கே இரண்டாவது இடம்தான். முதல் இடம் சங்குக்கு. தேயிலை ஃபேக்டரியின் கூரையில் உட்கார்ந்திருக்கும் சைரனைத்தான் அங்கே சங்கு என்பார்கள். காலையில் அது ஊதினால் வேலைக்குப் பேர் கொடுக்க ஓட வேண்டும். மத்தியானம் ஊதினால் தூக்குச்சட்டியைத் திறக்கலாம். சாயங்காலம் நாலரைக்கு ஊதினால் கொழுந்துச் சாக்கை இறக்கிவிட்டு இடுப்பை நிமிர்த்தலாம். சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டிகூட அந்தச் சத்தத்துக்கு ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் மிச்சத்தைத் திட்டுவார்கள்.

ஃபேக்டரிக்குக் கீழே, மலையைக் கொஞ்சம் வெட்டி, பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பி உண்டாக்கிய கால்பந்து மைதானம் இருக்கிறது. அங்கேயும் சங்கு வைத்ததுதான் சட்டம். யாரிடமும் வாட்ச் இல்லாத காலத்தில் ஆரம்பித்த வழக்கம். டிவிஷனுக்கு டிவிஷன் ஆம்பிளைகள் மோதும் ஆட்டம் எல்லாம் நாலரைச் சங்கோடு முடிந்துவிடும். ரெஃபரி என்று ஒருத்தர் நடுவில் ஓடுவார், பாவம். ஆட்டத்தை முடித்து வைப்பது சங்குதான். இப்போது ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது, சங்கின் மரியாதை மட்டும் குறையவில்லை.

எஸ்டேட் உயர்நிலைப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் மாரீஸ்வரன் தேயிலைத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். பெண் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து அணி ஒன்றைக் கட்டி, மூன்று வருஷம் சப் ஜில்லா போட்டியின் கடைசி ஆட்டம்வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், மூன்று வருஷமும் வெறுங்கையோடு திரும்பியவன். இந்த வருஷம் நல்ல நேரம் வந்திருந்தது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், டவுன் பள்ளிக்கூடத்தோடு. ஜெயித்தால் குயிலாப்பாறைப் பிள்ளைகள் ஜில்லாவுக்குப் போவார்கள். சமமாக முடிந்தால் டவுன் பிள்ளைகள் போவார்கள். முந்தைய ஆட்டங்களில் அவர்கள் போட்ட கோல் அதிகம். ஆக, மாரீஸ்வரனுக்கு ஜெயிப்பதைத் தவிர வேறு கணக்கே கிடையாது. முந்தின நாள் சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு.

ஆட்டத்தன்று பார்த்து மலைப்பாதையில் மண் சரிந்தது. கீழேயிருந்து வர வேண்டிய ரெஃபரி ஜீப்பில் மாட்டிக்கொண்டார். பரீட்சை எழுதிப் பாஸான ரெஃபரி மேலே ஒரே ஒரு ஆள்தான். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் ராமலட்சுமி. லீவு நாளெல்லாம் விசிலைத் தூக்கிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைகிறவள். அதில் ஒரே சிக்கல், அவள் மாரீஸ்வரனின் கூடப் பிறந்த தங்கை.

டவுன் பள்ளி ஆசிரியை ஜிஷா மறுப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரித்தாள்.

"எனக்கு இவங்களை அறியும். போன வருஷம் எங்க கேப்டனுக்கே ரெட் கார்டு கொடுத்தது இவங்க. கொடுத்தது சரிதான். இவங்களே நிக்கட்டே" என்றாள், மலையாளம் கலந்த தன் பாதித் தமிழில்.

மாரீஸ்வரனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கூடப் பிறந்தவள் அண்ணனுக்குத் துரோகம் செய்வாளா என்ன? கறுப்புச் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக அவள் வந்து நின்றதும், "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டான்.

"ஆச்சு சார். உங்க டீமைக் கூப்பிடுங்க" என்றாள் ராமலட்சுமி.

எந்த ஊரில் தங்கச்சி அண்ணனைச் சார் என்கிறாள்?

ஆட்டம் நன்றாகத்தான் போனது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கியது. அந்த ஊர் மஞ்சு சொல்லிக்கொண்டு வராது. ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தை விழுங்கியது, பிறகு பாதி மைதானத்தை. ராமலட்சுமி விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினாள். மாரீஸ்வரன் உடனே தன் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப் வாட்ச்சையும் நிறுத்தினான். கோல் போட வேண்டியது அவன் பிள்ளைகள் அல்லவா, ஒரு நிமிஷம்கூட வீணாகிவிடக் கூடாது என்கிற பயம். மஞ்சு விலகி ஆட்டம் மறுபடி ஆரம்பித்தபோது அதையும் ஓட விட்டான். தங்கை நேரத்தை விழுங்கினால் கேட்க வேண்டும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தான்.

கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. கிருத்திகா என்ற ஒல்லிப் பெண், காற்றில் பறந்துவிடுவாள் போல இருப்பவள், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினாள். மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் கத்தியதில் ஃபேக்டரித் தகரம் அதிர்ந்தது. அதற்கப்புறம் மாரீஸ்வரனின் பிரார்த்தனை தலைகீழாக மாறிவிட்டது. இதுவரை நேரம் போகக் கூடாது என்று வேண்டியவன், இப்போது சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்று அதே போனைக் கெஞ்சினான்.

அப்போதுதான் நாலரைச் சங்கு ஊதியது.

குயிலாப்பாறைப் பிள்ளைகள் பதினோரு பேரும் நின்றார்கள். யோசித்து நிற்கவில்லை, கால் தானாக நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நின்றே பழகியவர்கள். அடுத்த நொடி கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கோல் காத்துக்கொண்டிருந்த ராமுத்தாய் கம்பத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கிருத்திகாவைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. முதலில் பாய்ந்தது யார் என்று கேட்டால், சாட்சாத் மாரீஸ்வரன்தான். கையில் போன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் இன்னும் நாலு நிமிஷம் பாக்கி என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பாய்ந்தான்.

டவுன் பிள்ளைகளுக்குச் சங்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து நிமி என்கிற பெண்ணின் காலில் இருந்தது. எல்லோரும் ஏன் குதிக்கிறார்கள் என்று ஒரு முழி முழித்தாள். விசில் வரவில்லை. காலியாகக் கிடந்த கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டாள்.

அடுத்த ஐந்து நிமிஷம் அந்த மைதானத்தில் யார் வாயிலிருந்து என்ன வந்தது என்று எழுதினால் தாள் கருகிவிடும்.

"கோல் தன்னே! விசில் அடிச்சில்லல்லோ!" என்று ஜிஷா ஒரு பக்கம் கத்தினாள்.

"மேட்ச் முடிஞ்சு போச்சு டீச்சர்! சங்கு ஊதியாச்சு! உங்களுக்குக் காது கேக்கலியா?" என்று இன்னொரு பக்கம் சோலை கத்தினான். சோலை ராமுத்தாயின் அப்பா. தொழிற்சங்கத்து ஆள், குரலை வைத்தே மேனேஜரை மாடியிலிருந்து இறக்குகிறவன். அவனுக்குப் பின்னால் லயம் முழுக்க நின்றது. கோட்டோரம் கொடி பிடித்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது கேட்காமலே தெரியும்.

நடுவில் ராமலட்சுமி நின்றாள். சத்தம் கிளம்பியதுமே ஒரு கையால் வாட்ச்சை நிறுத்தியிருந்தாள், அதைப் பார்த்த பழக்கத்தில் மாரீஸ்வரனும் போனை நிறுத்தியிருந்தான். பந்தைக் கேட்டு வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்து நின்றாள். மாரீஸ்வரனுக்கு அந்த நேரத்திலும் அவள் நின்ற நிலையைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதில் கரப்பான் பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறியவள்.

"ரெண்டு பேரும் கேளுங்க" என்றாள் கடைசியில். "கோல் கிடையாது. வெளியில இருந்து வந்த சத்தத்துல ஆட்டம் குழம்பிப் போச்சு. அப்படிக் குழம்பினா நிறுத்திட்டுப் பந்தை மறுபடி போட்டுத்தான் ஆடணும், சட்டம் அதுதான். பிள்ளைக மட்டும் குழம்பல. நானும் இந்த லயத்துல பிறந்தவதான். சங்கு கேட்டதும் என் தலையும் ஃபேக்டரிப் பக்கம் திரும்பிருச்சு. அந்தப் பந்து உள்ள போனதை நான் பாக்கல. பாக்காத கோலை நான் குடுக்க மாட்டேன்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. சோலை துண்டைச் சுழற்றினான். ஜிஷாவின் முகம் சிவந்தது.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் ராமலட்சுமி. "மேட்சும் முடியல. மஞ்சுக்கு நிறுத்தின நேரம் பாக்கி இருக்கு. நாலு நிமிஷம். எல்லாரும் கோட்டுக்கு வெளிய போங்க, ஆட்டம் நடக்கும்."

ஆர்ப்பரித்த வாய்கள் அப்படியே திறந்திருந்தன. பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ஒரு களேபரம். ஒரே மூச்சில் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள ஒரு ஆளால் முடியும் என்பதை அன்றைக்குத்தான் குயிலாப்பாறை பார்த்தது.

"ஏ ராமலட்சுமி, என்ன விளையாடுதியா?" சோலை முன்னால் வந்தான். "எங்க அப்பன் காலத்துல இருந்து சங்குதான் இங்க முடிவு. நீ நேத்துப் பரீட்சை எழுதிட்டு வந்து மாத்துவியா? யாரும் வெளிய போவாதிய! பாப்போம்!"

மாரீஸ்வரன் தங்கையின் அருகில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். "ஊதி முடிச்சிருடி. மூணு வருஷமா அந்தப் பிள்ளைக அழுறதைப் பாத்தவ நீ. உனக்கு நெஞ்சுல ஈரம் இல்லியா? இன்னிக்கு நீ இதைக் கெடுத்தேன்னா என் மூஞ்சில முழிக்காதே."

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் இல்லை.

"அண்ணே, சங்கு கம்பெனி வேலைக்கு ஊதினது. இந்த நாலு நிமிஷம் அந்தப் பக்கம் நிக்கிற பிள்ளைகளோடது. அதை எடுத்து உங்களுக்குக் குடுக்க நான் யாரு?" பிறகு மெதுவாக, "உங்க போன்லயும் ஓடிச்சுல்ல? மஞ்சு இறங்கினப்ப நீங்க நிறுத்தினதைப் பாத்தேன்" என்றாள்.

மாரீஸ்வரனுக்குச் சவுக்கால் அடித்த மாதிரி இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். கூட்டம் வெளியேறாது, இருட்டிவிடும், அப்புறம் மேலிடத்தில் எழுதிப் போட்டு எப்படியோ பேசிக்கொள்ளலாம். யாரும் அவனைக் கேட்கப் போவதில்லை. அவள்கூட அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணனைச் சபையில் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அவ்வளவு மெதுவாகப் பேசினாள் என்பது அவனுக்கு அப்போதே புரிந்தது. அதுதான் அவனை அறுத்தது. சுற்றிலும் அத்தனை பேர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவளுக்கு மட்டும் தன் பேச்சுக்குச் சாட்சி தேட வேண்டும் என்று தோன்றவில்லை.

அவன் திரும்பினான். போனை உயர்த்திப் பிடித்தான்.

"சோலையண்ணே, இங்க பாரு! நானும் டைம் வச்சேன். நாலு நிமிஷம் பாக்கிதான். ரெஃபரி சொல்றது சரி. எல்லாரும் வெளிய வாங்க!"

"மாரி, நீயுமா?"

"நானுந்தான். வெளிய வாண்ணே. கூட்டம் நின்னா ஆட்டத்தை ரத்து பண்ணி அவங்களுக்கே குடுத்துருவாங்க. நம்ம பிள்ளைக மேல உனக்கு நம்பிக்கை இல்லியா?"

முணுமுணுத்துக்கொண்டும் துப்பிக்கொண்டும் கூட்டம் நகர்ந்தது. ஜிஷா தன் பிள்ளைகளிடம் ஏதோ சொல்லி அனுப்பினாள். நிமி கோபத்தோடு சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். எல்லோரும் கோட்டுக்கு வெளியே போன பிறகு ராமலட்சுமி நேராக மாரீஸ்வரனிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான். அவள் பையிலிருந்து மஞ்சள் கார்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அனுமதி இல்லாம மைதானத்துக்குள்ள வந்ததுக்கு, சார்."

ஜிஷாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆட்டம் தொடர்ந்தது, மாரீஸ்வரன் போனை மறுபடி ஓட விட்டான். முதல் நிமிஷம் டவுன் பிள்ளைகள் மேலே விழுந்து தாக்கினார்கள். ராமுத்தாய் ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்தாள், இன்னொன்றைக் காலால் உதைத்துத் தள்ளினாள். மூன்றாவது நிமிஷத்தில் அது நடந்தது. நிமி இடது பக்கம் இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு உள்ளே வந்து, தூரத்திலிருந்தே அடித்தாள். ராமுத்தாய் முழு நீளத்துக்குப் பறந்தாள். விரல் நுனியில்கூடப் படவில்லை. வலை குலுங்கியது. இந்த முறை ராமலட்சுமியின் கண் பந்தை விட்டு அகலவில்லை. விசில் அடித்து நடுக்கோட்டைக் காட்டினாள்.

ஒன்றுக்கு ஒன்று. டவுன் பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து புரண்டார்கள். மாரீஸ்வரன் தலையில் கையை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். நாலு நிமிஷத்தில் மூன்று வருஷம் போய்விட்டது. நல்ல கோல். அதுதான் கொடுமை, குறை சொல்லக்கூட இடமில்லாத நல்ல கோல்.

மறுபடி பந்து நடுவுக்கு வந்தபோது அவன் போனில் சில நொடிகள்தான் மிச்சம். கிருத்திகாவும் மற்றவர்களும் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி முன்னால் ஓடினார்கள். இப்போது கூட்டம் கத்திய கத்து வேறு மாதிரி இருந்தது.

"ஊதாதே ராமலட்சுமி! ஊதிராதே! இன்னும் கொஞ்சம் குடு தாயி!"

கத்தியதில் பெரிய குரல் சோலையுடையது. சங்கோடு எல்லாம் முடிந்துபோயிற்று என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் துண்டைச் சுழற்றிய அதே சோலை. மாரீஸ்வரனும் எழுந்து கத்தினான். வெட்கமாவது ஒன்றாவது.

போனில் நாலு நிமிஷம் முடிந்தது. ராமலட்சுமி ஊதவில்லை. மாரீஸ்வரன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நேரம் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. தங்கை மனசு இளகிவிட்டாளா? ஒரு நொடி அவன் நெஞ்சு துள்ளியது. உடனே, இளகியிருக்கக் கூடாதே என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியது அவனுக்கே வியப்பு.

கிருத்திகா வலது ஓரத்திலிருந்து அடித்தாள். பந்து கம்பத்தில் மோதி, கோட்டுக்கு முன்னால் விழுந்து, டவுன் கோல்கீப்பரின் மார்புக்குள் போய் ஒடுங்கியது. அதற்குப் பிறகு விசில் கேட்டது. மூன்று முறை.

ஒருத்தரும் உள்ளே ஓடவில்லை. கூட்டம் கோட்டுக்கு வெளியேதான் நின்றது. மைதானத்தில் பிள்ளைகள் விழுந்து அழுதார்கள்.

ஜிஷா வேகமாக ராமலட்சுமியிடம் போனாள். "எதுக்கு இத்ர நேரம்? நாலு நிமிஷம் எப்பவோ கழிஞ்சு!"

"உங்க பிள்ளைக கோல் போட்டுட்டுக் கட்டிப் பிடிச்சு உருண்டாங்கள்ல டீச்சர், அந்த நேரம். அது இவங்களோடது. அதைத் திருப்பிக் குடுத்தேன்" என்றாள் ராமலட்சுமி.

ஜிஷா கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மாரீஸ்வரன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். இளகவில்லை. ஒரு துளிகூட இளகவில்லை. அண்ணனுக்கு என்று ஒரு நொடி எடுத்து வைக்கவில்லை, அண்ணனுக்கு உரிய நொடியில் ஒன்றைக்கூட விட்டுவிடவும் இல்லை. தோற்றதற்கு வயிறு எரிந்தது. அவளை நினைத்தால் பெருமை தாங்கவில்லை. இரண்டும் ஒரே உடம்புக்குள் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது.

அப்போது சோலை கோட்டைத் தாண்டி வந்தான். அழுகிற மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நேராக ராமலட்சுமியின் முன்னால் போய் நின்றான். மாரீஸ்வரன் குறுக்கே விழுந்து தடுக்கத் தயாராக இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"எம் மக தோத்துட்டா. அதுக்கு வீட்ல போயி நான் அழுவேன், அது வேற" என்றான் சோலை. "பொங்கலுக்கு எங்க ஆம்பளைக மேட்ச் இருக்கு. வருஷா வருஷம் டைம் தகராறுல ரெண்டு மண்டை உடையுது. இந்தத் தடவை நீ வந்து நடத்தித் தரணும்."

ராமலட்சுமி நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "வாரேன். நடுவுல சங்கு ஊதினா?"

"அது பாட்டுக்கு ஊதிட்டுப் போவட்டும்" என்றான் சோலை. "நீ ஊதாம ஒருத்தனும் நிக்க மாட்டான். நின்னா என்கிட்ட சொல்லு."

மாரீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள் நிமி, அவன் மூன்று வருஷக் கனவைப் பொசுக்கிய பெண். அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது அவனுக்கு.

"அந்த ரெஃபரி இருக்கால்ல பாப்பா," என்று குனிந்து அவளிடம் சொன்னான், "அது என் தங்கச்சி."